அம்மா சொல்லும் 'மயக்கம்' எது?

அம்மாவுக்கு 67 வயது. மூன்று வாரமாக, காலையில் படுக்கையை விட்டு எழும்போது 'மயக்கமா வருது' என்கிறார். ஒருமுறைகூட நினைவு தப்பவில்லை. சர்க்கரை, ஈசிஜி இரண்டும் சரி. உட்கார்ந்து பார்த்தால் பிரஷர் 130/80; அதற்கு 5 ஆண்டுகளாக மாத்திரை எடுக்கிறார்.

டாக்டர் கேட்பது இதைத்தான்: அறை சுழல்கிறதா, கண் இருட்டுகிறதா, நடை தள்ளாடுகிறதா? சுழன்றால் உள்காதுக் கோளாறாக இருக்கலாம். எழுந்ததும் இருட்டினால் பிரஷர் இறங்குவதாக இருக்கலாம். வைத்தியமே வேறு. நம் பேச்சில் எல்லாமே மயக்கம்தான்.

கிறுகிறுப்பா, தலைசுற்றலா என்று மாற்றிக் கேட்டேன். இரண்டுக்கும் 'ஆமா, அதேதான்' என்கிறார். வரும்போதெல்லாம் எழுதி வைக்கச் சொன்னேன். அதிலும் 'மயக்கம்' என்றே இருக்கிறது.

வியாழக்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்கிறோம். பதிலை நானே எடுத்துக் கொடுக்காமல், இந்த மூன்றையும் பிரித்தறிய அம்மாவிடம் எந்தச் சொற்களில் கேட்கலாம்?