நம்ம வீடு குரூப் – செந்தில் சீனாவுல யீவூ மொத்த மார்க்கெட்டுக்குப் போன அன்னைக்கு

செந்தில்: மாமா யீவூ வந்தாச்சு, மார்க்கெட்டோட ஒரு பகுதி, டிஸ்ட்ரிக்ட் ஒண்ணு, அதுல பாதிதான் சுத்துனேன் அதுக்கே கால் போச்சு, ஹேர் கிளிப்புக்குன்னே வரிசை வரிசையா கடை, மார்க்கெட் மொத்தத்துக்கும் 75,000 கடையாம்

அத்தை: சாப்டியாப்பா

செந்தில்: ஆச்சு அத்தை, இங்க இந்தியன் ஹோட்டல்லாம் இருக்கு

மாமா: எல்லாம் சீனத் தலைவர் டெங் ஷியாவ்பிங் போட்ட பாதை. 1978ல பொருளாதாரத்த தொறந்து விடலாம்னு ஒரே முடிவு, நாடே மாறிடுச்சு. நம்மூர்ல கமிட்டி போட்டே காலம் போகுது

ரேவதி: அப்பா ஆரம்பிச்சாச்சு 😄 மேலருந்து மட்டும் வரலப்பா. அதே வருஷம் அன்ஹுய் மாகாணத்துல சியாவ்காங்னு ஒரு கிராமம், 18 விவசாயிங்க ரகசியமா கைநாட்டு வச்சு கம்யூன் நிலத்த, அதாவது கூட்டுப் பண்ணை நிலத்த, வீட்டுக்கு வீடு பிரிச்சுக்கிட்டாங்க, மாட்டிக்கிட்டு யாராவது ஜெயிலுக்குப் போனா அவங்க புள்ளைங்கள 18 வயசு வரை மத்தவங்க வளக்கணும்னு அதுலயே எழுதிருக்கு. வெளைச்சல் ஏறுனப்பறம்தான் அரசாங்கம் சரின்னுச்சு

மாமா: அது வெவசாயம். யாவாரம்?

ரேவதி: அத்தான் நிக்கிற ஊரே அப்படித்தான். மண்ணு சரியில்லாத ஊரு, சனங்க சர்க்கரைக் கட்டிய தூக்கிட்டு ஊர் ஊரா போய் கோழி எறகுக்கு மாத்திட்டு வருவாங்க, எறகு உரத்துக்குப் போகும். தெருவுல கடை போட்டா ஆபீசருங்க தொரத்துவாங்க. 1982ல ஷியே காவ்ஹுவா அந்த ஊர் கம்யூனிஸ்ட் கட்சி செயலாளரா வந்தப்போ ஃபெங் ஐச்சியன்னு ஒரு யாவாரம் பண்ற அம்மா அவர மடக்கி நேருக்கு நேர் சண்டை போட்டாங்க, அந்த வருஷமே மார்க்கெட்ட தொறந்து விட்டுட்டாரு. பெய்ஜிங்ல வாய் தொறக்கறதுக்கு முன்னாடியே

மாமா: சரி, ஆனா 2001ல சீனா உலக வர்த்தக அமைப்புல (டபிள்யூடிஓ) சேராம இருந்தா இது உள்ளூர் சந்தையாவே நின்னுருக்கும்

ரேவதி: அது கரெக்ட்தான். இப்ப வெள்ளக்காரன் வீட்டு கிறிஸ்துமஸ் தொங்கலே அங்கருந்துதான் போகுது, 2014ல மாட்ரிட் வரைக்கும் ரயில் விட்டாங்க, 13,000 கிலோமீட்டர்

செந்தில்: நான் ஒரு கடைக்காரம்மாட்ட பேரம் பேசிட்டு இருக்கேன், பேச்சே இல்ல, அவங்க கால்குலேட்டர்ல தட்டி காட்டுறாங்க நான் கொறச்சு தட்டுறேன், சிரிச்சுட்டு திரும்ப பழைய வெலையவே தட்டுறாங்க. கார்ட்டன் கணக்குலதான் தருவாங்களாம்

அத்தை: அத்தனை கிளிப்பும் யாரு ஒட்றாங்க

ரேவதி: சீனாவோட உள்பகுதி ஊருங்கள்லருந்து பொழைக்க வந்தவங்கம்மா நெறைய பேரு. ஹூகோவ்னு குடும்பப் பதிவு இருக்கு, அது சொந்த ஊர்ல இருக்கறதால டவுன் ஸ்கூல்ல சீட்டு கெடைக்கறது கஷ்டம், நெறைய புள்ளைங்க ஆயா தாத்தாட்ட வளரும். சல்லிசா கெடைக்குதுன்னு நம்ம சொல்றதுல இதுவும் சேர்த்திதான்

மாமா: ம்

செந்தில்: மாமா, சீனப் புத்தாண்டுக்கு லேபர் எல்லாம் ஊருக்குப் போயிடும், ஃபேக்டரி இழுத்து மூடிடுவாங்க. அதுக்குள்ள நிங்போ துறைமுகத்துல சரக்கு ஏறணும்னா இன்னைக்கே அட்வான்ஸ் குடுக்கணும். கிளிப் மட்டும் போதுமா, வளையலும் போடட்டுமா?

மாமா: வளையல் வேணாம், நம்ம பக்கம் சீன வளையல் ஓடாது