டெலீட் அழுத்தினால் கறுப்புத் திரைதான் வருகிறது, பயாஸுக்குள் எப்படிப் போவது?

கேட்டவர்:
வணக்கம் நண்பர்களே. டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட பென்டிரைவ் தயாராக வைத்திருக்கிறேன். அதிலிருந்து பூட் ஆக வைக்கத்தான் முடியவில்லை. பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் மதர்போர்டு காட்டும் செட்டிங்ஸ் திரை) போக, பவர் போட்டதும் டெலீட்டைத் தட்டிக்கொண்டே இருந்தால் மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று வந்து அப்படியே நின்றுவிடுகிறது. 10 நிமிடம் காத்திருந்தும் பார்த்துவிட்டேன். பூட் மெனுவுக்கு எஃப்11 தட்டினாலும் இதே நிலைதான். எதையும் தொடாமல் விட்டால் விண்டோஸ் ஒழுங்காக வந்துவிடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இருக்கிறது, மானிட்டரை அதன் டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டியிருக்கிறேன். வயர் கீபோர்டுதான். மதர்போர்டு போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1:
கேபினட்டைத் திறந்து, காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி 5 நிமிடம் கழித்து மாட்டுங்கள். பயாஸ் ரீசெட் ஆகிவிடும். எனக்கு அப்படித்தான் சரியானது.

பதில் 2:
தயவுசெய்து பேட்டரியில் இப்போது கை வைக்காதீர்கள். ரீசெட் ஆனதும் சாட்டா மோட் (டிஸ்க்கை மதர்போர்டு கையாளும் முறை) மாறிப்போனால், இப்போது நன்றாக வரும் விண்டோஸும் வராமல் போகலாம். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கக்கூடும்.

நீங்கள் எழுதியதையே மறுபடி படித்துப் பாருங்கள். தட்டினால் நிற்கிறது, தட்டாவிட்டால் விண்டோஸ் வருகிறது. கீபோர்டை மதர்போர்டு கவனிக்கவே இல்லை என்றால், தட்டினாலும் விண்டோஸ்தானே வந்திருக்க வேண்டும்? பயாஸ் திறந்துதான் இருக்கிறது, படம் மட்டும் உங்கள் மானிட்டருக்கு வரவில்லை என்று நினைக்கிறேன்.

திரை கறுப்பாக இருக்கும்போது கீபோர்டில் நம் லாக் (Num Lock) கீயை அழுத்துங்கள், விளக்கு மாறுகிறதா? பிறகு கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ரீஸ்டார்ட் ஆனால் மெஷின் ஹேங் ஆகவில்லை. இன்னொன்று, வேறு ஏதாவது திரை இணைத்திருக்கிறீர்களா?

கேட்டவர்:
விளக்கு மாறுகிறது! மூன்றையும் அழுத்தினேன், ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் வந்தது. படம் பார்க்க டிவியை அதே கார்டில் ஹெச்டிஎம்ஐ வழியாக மாட்டியிருக்கிறேன். ஆனால் அது ஆஃப் ஆகித்தான் இருக்கிறது.

பதில் 2:
ஆஃப் ஆகியிருந்தாலும் கேபிள் மாட்டியிருந்தால் போதும், கார்டு பல டிவிகளை அடையாளம் கண்டுகொள்ளும். விண்டோஸில் டிரைவர் ஏறிய பிறகுதான் இரண்டு திரையிலும் படம் வரும். அதற்கு முன்னால் பல கார்டுகள் ஒரே ஒரு போர்ட்டுக்குத்தான் படம் அனுப்பும். டிவி கேபிளைக் கார்டு பக்கமே உருவிவிட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
வந்துவிட்டது! கேபிளை உருவிவிட்டு டெலீட் தட்டினேன், பயாஸ் அப்படியே கண் முன்னால் நிற்கிறது. எஃப்11 தட்டியதும் பென்டிரைவ் பெயரும் தெரிந்தது. இரண்டு நாள் தூக்கம் போனது இதற்காகத்தான். மிக்க நன்றி.

பதில் 3:
எனக்கு இதற்கு நேர்மாறு. லேப்டாப்பில் எந்தக் கீயைத் தட்டினாலும் நேராக விண்டோஸ் 11 போய்விடுகிறது.

பதில் 2:
உங்களுடையது வேறு கோளாறு. ஃபாஸ்ட் பூட் ஆன் ஆகியிருந்தால் கீயைக் கவனிக்க மெஷின் நேரமே தராது. முதலில் கீ சரியா பாருங்கள்: டெல்லில் பெரும்பாலும் எஃப்2, ஹெச்பியில் எஃப்10. அதுவும் நடக்காவிட்டால் விண்டோஸுக்குள்ளிருந்தே போகலாம். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போங்கள். உள்ளே போனதும் ஃபாஸ்ட் பூட்டை அணைத்துவிடுங்கள். எதையும் மாற்றும் முன் பிட்லாக்கர் கீயை வேறு இடத்தில் எழுதி வையுங்கள்.

பதில் 3:
ஷிஃப்ட் வழியில் உள்ளே போய்விட்டேன். ஃபாஸ்ட் பூட் ஆன்தான் இருந்தது, அணைத்ததும் எஃப்2 வேலை செய்கிறது.