ஏசாயா 53-ஐ முன்வைத்து நேர்ந்த சந்திப்புகள்

தொடக்கப் பதிவு

சாக்கடலருகே கும்ரான் குகையில் கிடைத்த பழமையான ஏசாயா சுருளை எருசலேம் அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அருகில் நின்ற யூதப் பெரியவரிடம், பாடுபடும் தாசனைப் பற்றிய 53-ஆம் அதிகாரம் எங்கள் ஆண்டவர் இயேசுவைக் குறித்த தீர்க்கதரிசனம் என்று ஆர்வமிகுதியால் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படுகிற ஆட்டுக்குட்டி" என்ற வரியை எபிரெயுவில் சொல்லி, எனக்காக ஆங்கிலத்திலும் சொல்லி, "இது என் தாயின் குடும்பம்" என்றார். அவருடைய விரல் கண்ணாடியின்மேல் அப்படியே இருந்தது. ஆறு ஆண்டுகளாகியும் அந்த விரல் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

மறுமொழி 1

எபிரெயு வகுப்பில் அச்சுருளின் நிழற்படத்தைப் படித்த நாளை என்னால் மறக்க இயலாது. 53:11-இல் நம் வேதாகமம் "ஆத்தும வருத்தத்தின் பலனைக் கண்டு" என்கிறது. சுருளிலோ "ஒளியைக் காண்பார்" என்று இருக்கிறது. யூத மரபின் எபிரெயு மூலமான மசோரெத்தியப் பாடத்தில் இல்லாத இந்த "ஒளி", பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்திலும் உண்டு என்று ஆசிரியர் விளக்கியபோது, நான் கல்லறையின் அதிகாலையை நினைத்து அழுதேன்.

மறுமொழி 2

தொடக்கப் பதிவரான சகோதரருக்கு ஒரு திருத்தம்: அருங்காட்சியகக் குவிமாடத்தின் நடுவே நாம் காண்பது சுருளின் நகலே. நானும் அங்கே நின்றிருக்கிறேன். என்னிடம் ஒருவர், "என் தாசன் இஸ்ரவேல் என்று 49:3 சொல்லும்போது நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். தாசன் இஸ்ரவேல் மக்களே என்ற இவ்விளக்கத்தை யூத வேத விளக்கவுரையாளர் ராஷி 11-ஆம் நூற்றாண்டிலேயே முன்வைத்தவர். ஆனால் மூன்று வசனங்கள் தள்ளி, 49:6-இல், அந்தத் தாசனே யாக்கோபின் கோத்திரங்களை எழுப்புகிறவராக வருகிறார். இஸ்ரவேலை மீட்கிறவர் இஸ்ரவேல் மட்டுமாக எப்படி இருக்க முடியும்? யூதரின் பழைய அரமேய மொழிபெயர்ப்பான யோனத்தானின் தர்கூமும் 52:13-இல் தாசனை மேசியா என்றே பெயர்க்கிறது, அவருடைய பாடுகளை வேறுவிதமாக விளக்கினாலும். ஆகவே யூதரிடம் பேசச் செல்வோர் 41-ஆம் அதிகாரத்திலிருந்து வரிசையாகப் படித்துச் செல்லுங்கள். மேசியா வரும் காலத்தைக் குறிப்பதாக நாம் கொள்ளும் தானியேலின் எழுபது வாரங்களை வைத்து ஆண்டுக் கணக்கில் இறங்காதீர்கள்; தொடக்க ஆண்டைப் பற்றி நமக்குள்ளேயே உடன்பாடு இல்லை. சகரியா 12:10-ஐ, "தாங்கள் குத்தின என்னை நோக்கிப்பார்த்து" என்ற வசனத்தை, குற்றச்சாட்டாக ஒருபோதும் வாசிக்காதீர்கள். அது அவர்கள்மேல் ஊற்றப்படும் கிருபையின் ஆவியைச் சொல்லித் தொடங்குகிறது.

தொடக்கப் பதிவர்

நகல் என்பதைத் தெரிவித்தமைக்கு நன்றி, ஐயா. 49:6-ஐ நான் அன்றும் அறிந்திருந்தேன். தாயின் குடும்பம் என்று சொன்னவரிடம் வசன எண்ணைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.