அனுபவப் பகிர்வு: மேனிஃபோல்டின் தரையில் தேங்கிய பெட்ரோல்

தொடக்கப் பதிவு

நான்கு சிலிண்டர்களுக்கும் நடுவில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் ஒற்றைக் கார்புரேட்டர் அமைந்த பழைய எஞ்சின் ஒன்றோடு இரண்டு மாதம் நான் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) அது ஒழுங்காகவே ஓடியது. ஒரே வேகத்தில் போகும்போதும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு கணம் மூச்சை அடைத்துக்கொண்டு, சில சமயம் கார்புரேட்டர் வழியாகவே ‘டப்’பென்று வெடித்து, அதன் பிறகுதான் இழுக்கும். காலை வேளைகளில் இது அதிகம். அரைமணி நேரம் ஓடிய பிறகும் முழுதாக நீங்காது.

பெட்ரோல் போதவில்லை என்பது அறிகுறியிலேயே தெரிந்ததால் பெரிய மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளையை) போட்டேன். அது நான் செய்த முதல் தவறு. தயக்கம் அப்படியே இருக்க, பெட்ரோல் செலவு மட்டும் கூடியது. மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்ஸிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரத்தை (சவ்வை) மாற்றியதும் கொஞ்சம் குறைந்ததே தவிர, போகவில்லை. பிறகு பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால், நடுவிலுள்ள 2, 3 ஆகிய சிலிண்டர்களின் பிளக்குகள் கரி படிந்து கறுத்திருந்தன (பெட்ரோல் மிகுதி). ஓரத்திலுள்ள 1, 4 வெளுத்திருந்தன (பெட்ரோல் குறைவு). ஒரே கார்புரேட்டரிலிருந்து ஊட்டம் பெறும் எஞ்சினில் பாதி பட்டினி, பாதி திகட்டல் என்றால், சிக்கல் கார்புரேட்டருக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு காலை, குளிர்ந்த எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்புரேட்டரிலிருந்து கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் கிளைக்குழாயான மேனிஃபோல்டின் தரை முழுக்க நனைந்து பளபளத்தது. கிளைகள் பிரியும் இடத்தில் ஒரு தேக்கரண்டி அளவு பெட்ரோல் தேங்கியே நின்றது. அடிப்புறத்தைத் தொட்டால், பத்து நிமிடம் ஓடிய எஞ்சினின் பாகம் என்று நம்ப முடியாதபடி சில்லென்றிருந்தது. வெளிச்சுவர் வியர்த்து நீர் கோத்திருந்தது.

கார்புரேட்டரிலேயே பெட்ரோல் முழுதும் ஆவியாகிக் காற்றோடு கலந்துவிடுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் ஒரு பகுதிதான் ஆவியாகிறது. இன்னொரு பகுதி துளிகளாகப் பறக்கிறது. மீதி சுவரில் படலமாக ஒட்டி, காற்றின் இழுப்பில் மெல்ல ஊர்கிறது. வளைவு வந்தால் காற்று திரும்பிவிடும். கனமான துளி திரும்ப முடியாமல் நேரே போய்ச் சுவரில் மோதி, படலத்தோடு சேர்ந்துவிடும். அதனால் காற்று எல்லாச் சிலிண்டருக்கும் ஏறக்குறைய சமமாகப் போனாலும் பெட்ரோல் அப்படிப் போவதில்லை.

குளிர்ச்சிக்கும் விளக்கம் உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாவதற்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று வைத்து, அத்தனையும் வெளி வெப்பமின்றி ஆவியானால், கலவையின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இறங்கிவிடும். இதை ஈடுகட்டத்தான் இத்தகைய மேனிஃபோல்டின் தரைக்கு அடியில் சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓட வழி வைத்திருக்கிறார்கள். என் எஞ்சினில், முன்பு வேலை பார்த்த யாரோ அந்த ஹோஸைக் கழற்றி, இரு முனைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள்.

சட்டென்று மிதிக்கும்போது மட்டும் ஏன் திணறியது? ஐடிலில் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) மூடியிருப்பதால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் 30 முதல் 40 கிலோபாஸ்கல்தான்; அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் பெட்ரோல் எளிதில் ஆவியாகும், சுவரும் ஓரளவு காய்ந்திருக்கும். த்ராட்டிலைத் திறந்ததும் அழுத்தம் வெளிக்காற்றின் 100 கிலோபாஸ்கலை நெருங்குகிறது. காற்று உடனே பாய்ந்துவிடும். பெட்ரோலோ ஆவியாவது குறைந்து, முதலில் சுவரை நனைக்கப் போய்விடும். சுவர் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே சிலிண்டருக்கு முழு அளவு வந்து சேரும். இடையிலுள்ள அந்தக் கணத்துக்காகத்தான் ஆக்ஸிலரேட்டர் பம்ப் இருக்கிறது. ஆனால் சில்லிட்ட சுவர் கேட்கும் அளவை அதனால் கொடுக்க இயலாது.

மறுமொழி 1

இன்ஜெக்‌ஷன் (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) வந்த பிறகு இந்தத் தொல்லை ஒழிந்தது என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒவ்வொரு போர்ட்டிலும் (சிலிண்டரின் நுழைவழியிலும்) இன்ஜெக்டர் உள்ள எஞ்சினிலும் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகிலும் அதைச் சுற்றிய சுவரிலும் படியத்தான் செய்கிறது. தூரம் மட்டும் குறைந்திருக்கிறது. படலத்தில் எவ்வளவு சேரும், எவ்வளவு ஆவியாகும் என்று ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கணக்கிட்டு, மிதிக்கும்போது கூட்டியும் விடும்போது குறைத்தும் தெளிக்கிறது.

என் வண்டியில் இதே தயக்கம் காலையில் மட்டும் வந்தது. கூலன்ட் வெப்பநிலை சென்சார் பழுதாகி, குளிர்ந்த எஞ்சினைச் சூடேறிய எஞ்சினாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஈசியூவும் அதை நம்பி, காய்ந்த சுவருக்குரிய அளவையே தெளித்தது. த்ராட்டில் பாடியை இரண்டு முறை சுத்தம் செய்த பிறகே இது தெரிந்தது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுமொழி 2

படலத்தைவிட விசித்திரமான ஒன்றை நான் கண்டேன். சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் வீதம் வைத்த எஞ்சின் அது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு முழு த்ராட்டிலில் ஓட்டிப் பார்த்தபோது, குறிப்பிட்ட ஒரு சுழற்சி வேகத்தில் மட்டும் ஒவ்வொரு வாயின் மேலும் விரல் நீளத்துக்குப் பெட்ரோல் மூட்டம் அசையாமல் நின்றது. உள்ளே போக வேண்டியது ஏன் வெளியே நிற்கிறது என்று திகைத்தேன். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். அப்போது பின்தள்ளப்படும் கலவையும் குழாயில் எதிரொலித்துத் திரும்பும் அழுத்த அலையும் சேர்ந்து அதை வாய்வரை கொண்டுவருகின்றன. கார்புரேட்டருக்குக் காற்றின் திசை தெரியாது. எந்தப் பக்கம் ஓடினாலும் பெட்ரோலைக் கலக்கும். போய், திரும்பி, மறுபடி போகும் காற்று மூன்று முறை பெட்ரோல் ஏற்றிக்கொள்வதால், அந்த வேகத்தில் மட்டும் கலவையில் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் புகைந்தது. வேகம் கூடியதும் மூட்டம் தானே மறைந்துவிட்டது.

தொடங்கியவரின் மறுமொழி

அடைப்பை எடுத்துப் புது ஹோஸ் போட்டு, பழைய ஜெட்டையே திரும்ப மாட்டி, ஒரு மாதம் ஓட்டிவிட்டேன். எஞ்சின் சூடேறிய பிறகு தயக்கம் அறவே இல்லை. முதல் சில நிமிடங்களுக்குச் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் அடைப்பு) தேவைப்படத்தான் செய்கிறது; அதற்குள் கூலன்ட் சூடேறியிராது. நேற்று மறுபடி பிளக்குகளைக் கழற்றினேன்: நான்கும் இளம்பழுப்பு, 2ஆம் எண் மட்டும் ஒரு சாயல் கூடுதல்.