கான்சர்ட்டா, மேட்சா: எது மனசில் நிற்கிறது?

பாஸ்_கிட்டார்:
2007 மார்ச் 17. பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டன் முதல் முறையாக இந்தியாவில் வாசித்த நாள். பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸுக்குச் சென்னையிலிருந்து நானும் இரண்டு நண்பர்களும் ரயிலேறிப் போனோம். அதே மாலை உலகக் கோப்பையில் இந்தியா – வங்கதேசம் ஆட்டம். இந்தியா 191-க்கு ஆல் அவுட், தோல்வி. திரும்பும் வழியில்தான் தெரிந்தது. ரயில் நிலையத்தில் எல்லார் முகமும் தொங்கிப்போயிருந்தது. எனக்கு உறைக்கவே இல்லை. மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசித்த பாஸ் கிட்டார் இன்னும் நெஞ்சுக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. மேட்ச் மறந்துபோகும், கான்சர்ட் போகாது.

சேப்பாக்கம்_கேலரி:
ஒத்துக்கொள்ள மாட்டேன். கான்சர்ட்டில் என்ன வாசிப்பார்கள் என்பது முன்பே முடிவானது. அடுத்த ஊரிலும் ஏறக்குறைய அதே வரிசைதான். 1999 ஜனவரி 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சேப்பாக்கம், பாகிஸ்தானுடன் டெஸ்ட், இலக்கு 271. முதுகு வலியோடு சச்சின் 136 அடித்தார். அவர் அவுட் ஆனபோது தேவை 17 ரன், கையில் மூன்று விக்கெட். நாலே ரன்னில் மூன்றும் போயின. 12 ரன்னில் தோற்றோம். கொஞ்ச நேரம் ஸ்டேடியத்தில் சத்தமே இல்லை. அப்புறம் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று ஜெயித்தவர்களுக்குக் கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். இதை யார் ஒத்திகை பார்த்து வைக்க முடியும்?

பாஸ்_கிட்டார்:
பாட்டு வரிசை ஒன்றாக இருக்கலாம், கூட்டம் ஒன்றல்ல. மெய்டனின் 'ஃபியர் ஆஃப் தி டார்க்' பாட்டின் தொடக்கத்தில் வரும் கிட்டார் மெட்டுக்கு வார்த்தை கிடையாது. அதை அன்று அத்தனை பேரும் 'ஓ... ஓ...' என்று பாடினார்கள். நண்பனிடம் நகலெடுத்த கேசட்டில், நாடா தேயும் வரை நான் தனியாகக் கேட்ட மெட்டு அது. மேட்ச் பற்றிப் பேசத் தெரு முழுக்க ஆள் இருந்தது. ராக் பற்றிப் பேச எங்கள் தெருவில் யார் இருந்தார்கள்? என்னைப் போல இத்தனை பேர் உண்டு என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மெட்டல்_மாலை:
சேப்பாக்கம்_கேலரி, முன்பே முடிவானது என்கிறீர்களே, அதுவும் சரியில்லை. 2011 அக்டோபர் 28 அன்று குர்கானில் நடக்கவேண்டிய அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகாவின் கான்சர்ட் ரத்தானது. இரண்டு நாள் கழித்து பெங்களூரில் நின்ற எங்களுக்கு, இதுவும் நடக்குமா என்ற பயம் கடைசிவரை போகவில்லை. மேடையேறும் முன் அவர்கள் போடும் இத்தாலியத் திரை இசையமைப்பாளர் என்னியோ மோரிகோனின் இசை கிளம்பியபோதுதான் மூச்சு வந்தது.

சேப்பாக்கம்_கேலரி:
பாஸ்_கிட்டார், தனியாகக் கேட்டதைப் பற்றிச் சொன்னீர்களே, அது நான் யோசிக்காத விஷயம். சரி. ஆனாலும் கான்சர்ட்டில் தோற்க வழியே இல்லை. எல்லோரும் ஜெயித்துத்தான் வெளியே வருகிறீர்கள். அன்று நான் அழுதுகொண்டே கைதட்டினேன். அந்த இரண்டும் ஒன்றாக எனக்கு வேறெங்கும் வாய்க்கவில்லை.

பாஸ்_கிட்டார்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் என் கட்சியை விடவும் இல்லை. அடுத்த முறை மெய்டன் வந்தால் உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன். அந்த மெட்டைக் கூட்டத்தோடு ஒருமுறை பாடிவிட்டு வந்து பேசுங்கள்.