ஸ்பானிஷோடு ஜெர்மனா, பிரெஞ்சா?

காட்பாடி மாணவி:
பி.டெக். இரண்டாம் வருஷம். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தேன், மார்க் வந்தது, பேச வராது. இந்த செமஸ்டரில் ஸ்பானிஷ் எடுத்திருக்கிறேன், ரொம்பப் பிடித்துவிட்டது, விட மனசில்லை. எம்.எஸ். படிக்க ஜெர்மனி போகும் எண்ணமும் இருப்பதால் அடுத்த செமஸ்டரில் ஜெர்மனைச் சேர்க்கலாமா, இல்லை பழைய பிரெஞ்சையே தூசி தட்டலாமா? இரண்டும் குழம்பிவிடும் என்று ஹாஸ்டலில் பயமுறுத்துகிறார்கள்.

ராணிப்பேட்டை அண்ணன்:
ஜெர்மன் எடும்மா. ஸ்பானிஷும் பிரெஞ்சும் லத்தீனிலிருந்து வந்தவை, ஒன்று தெரிந்தால் இன்னொன்றைப் படித்துப் பாதி புரிந்துகொள்ளலாம், ஆனால் பேசும்போது மாறி மாறி வரும். ஜெர்மன் வேறு கிளை. நான்கு வேற்றுமை, மூன்று பால் என்று முதலில் மிரட்டும். எட்டு வேற்றுமை படித்து வளர்ந்த நமக்கு அது ஒன்றும் புதிதல்ல. இங்கே தோல் ஏற்றுமதியில் இருக்கிறேன், ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் சரக்கு போகிறது, மெயில் எல்லாம் ஆங்கிலம்தான், ஆனாலும் வாங்க வருபவரிடம் அவர் மொழியில் நாலு வார்த்தை பேசினால் முகமே மாறிவிடும். ஒன்று மட்டும், ஸ்பானிஷ் ஏ2, அதாவது அடிப்படை நிலையின் இரண்டாம் படி, தாண்டிய பிறகு ஜெர்மனைத் தொடங்கு.

சத்துவாச்சாரி டீச்சர்:
அண்ணன் சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். மொழிகள் நெருக்கமாக இருப்பதைவிட, இரண்டுமே அரைகுறையாக இருப்பதுதான் அதிகம் குழப்பும். உன் பிரெஞ்சு பேச்சுக்கு வரவில்லை என்பதால் இப்போதைக்கு அதை ஓரமாக வை. அப்புறம், ஸ்பானிஷைத் தமிழ் வழியாக யோசித்துப் பார். 'வந்தேன்' என்றாலே 'நான்' அதற்குள் இருக்கிறது இல்லையா, ஸ்பானிஷ் வினையும் அப்படித்தான், எழுவாயை விட்டுவிடலாம். உச்சரிப்பிலும் நமக்கு லாபம்: உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் d எழுத்து, நம் 'அது'வில் வரும் 'து' போல மெலியும். பிள்ளைகள் அதை ஆங்கில 'ட'வாக அழுத்தும்போது எனக்கு மனசே கேட்காது.

காட்பாடி மாணவி:
நன்றி டீச்சர், நன்றி அண்ணா. எம்.எஸ். ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்றால் ஜெர்மன் அவ்வளவு அவசியமா?

முன்னாள் மாணவன்:
அவசியம் தங்கச்சி. ஆங்கில வழிப் படிப்பில் பல இடங்களில் அட்மிஷனுக்குக் கேட்க மாட்டார்கள், ஆனால் வாடகை வீடு, பகுதி நேர வேலை எல்லாவற்றுக்கும் வேண்டும். கல்லூரி கிரேடை மட்டும் நம்பாமல் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் மொழி மையமான கோதே இன்ஸ்டிட்யூட்டில் தேர்வு எழுதிவிடு, காட்பாடியிலிருந்து காலை ரயிலில் போய்விடலாம். ஸ்பானிஷுக்கு அவசரமில்லை. அதற்கு டேலே (DELE), சியேலே (SIELE) என்று இரண்டு தேர்வு உண்டு. டேலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, சியேலே என்றால் 5 வருஷம்தான், அதனால் நன்றாகத் தயாரான பிறகு டேலே எழுது. டிகிரி முடிவதற்குள் ஜெர்மனில் ஏ2-க்கு அடுத்த படியான பி1 வாங்கப் பார்.