மறு: ஃப்யூஜிடிவ் எமிஷன் – 'கசிவு' போதுமா?

> அமெரிக்க நச்சு வெளியேற்றப் பதிவேட்டின் படிவத்தைத் தமிழாக்குகிறேன். காற்றில் கலப்பதை ஸ்டாக், ஃப்யூஜிடிவ் என்று பிரித்திருக்கிறார்கள். முதலாவது 'புகைபோக்கி உமிழ்வு'. இரண்டாவதைக் 'கசிவு' என்று போட்டுவிடலாமா?

ஐயா, வணக்கம்.

கசிவு வேண்டாம். விஷவாயுக் கசிவு என்றதும் 1984 போபால்தான் நினைவுக்கு வரும். (அதன் அதிர்ச்சியில் 1986இல் வந்த சட்டம்தான் இந்தப் பதிவேட்டுக்கே தாய்.) ஆனால் படிவத்தின் ஃப்யூஜிடிவ் கட்டத்தில் ஆலைகள் எழுதுவது பெரும்பாலும் அன்றாடக் கணக்கு: வால்விலும் ஃப்ளாஞ்சிலும் (குழாய் இணைப்பு) பம்ப் சீலிலும் (பம்பின் அடைப்பு) ஒழுகுவது, திறந்த தொட்டியிலிருந்து ஆவியாவது, குவித்த தூளைக் காற்று வாரிப்போவது. முதலாவதைக் கசிவு எனலாம்; ஓட்டையே இல்லாத மற்ற இரண்டில் கசிவு ஏது?

நேற்று ஒருவர் தந்த 'தப்பியோடிய உமிழ்வு', ஃப்யூஜிடிவ் என்றால் தப்பியோடியவர் என்று சொல்லும் அகராதி செய்த வேலை. காவல் நிலையத்தில்தான் புகார் கொடுக்க வேண்டும்!

என் பரிந்துரை: சிதறுமிழ்வு. வினைத்தொகை; சிதறிய, சிதறுகின்ற, சிதறும் எல்லாம் அடங்கும். 'சிதறல் உமிழ்வு' என்று பிரிக்க வேண்டாம், சிதறலை ஒளியியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தனிச்சொல் அவசியம்தான். புகைபோக்கியில் கருவி பொருத்தி அளந்துவிடலாம். சிதறுமிழ்வை இத்தனை வால்வு, ஒன்றுக்கு இவ்வளவு என்று பெருக்கித்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். தரையை ஒட்டி வெளிவருவதால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் எளிதில் புகுவதும் இதுவே. அதனால்தான் 2015இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வேலியோரத்தில் பென்சீன் என்ற நச்சு ஆவியை அளக்கச் சொன்னது. சுற்றிலும் அளந்ததில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுச் சராசரியில் கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால், ஆலை காரணம் தேடிச் சரிசெய்தாக வேண்டும். இந்த 9ஐ 'காற்றுத்தர நியமம்' என்று எழுதிவிடாதீர்கள். நியமம் ஊரார் சுவாசிக்கும் பொதுவெளிக் காற்றுக்கு. இது 'நடவடிக்கை வரம்பு'.

> உமிழ ஒரு வாய் வேண்டுமே? தொட்டி உமிழுமா?

சூரியன் ஒளியை உமிழ்கிறது என்று பள்ளியில் படித்தபோது வாயைத் தேடினோமா? தவிர, புகைபோக்கி உமிழ்வும் சிதறுமிழ்வும் சேர்ந்துதான் காற்றுக்கணக்கின் மொத்தம். இரண்டிலும் 'உமிழ்வு' நின்றால் கூட்டல் கண்ணுக்குத் தெரியும். தூசு மட்டும் என்றால் 'சிதறு தூசு' போதும்.

பதிவேட்டின் பெயரில் 'ரிலீஸ்' என்பதற்கு நீங்கள் வைத்த 'வெளியேற்றம்' மட்டும் எனக்கு உறுத்துகிறது; வேண்டுமென்றே அனுப்பியது போலிருக்கிறது. 'வெளியீடு' என்றால் நூல் வெளியீடாகிவிடும். யாரிடமாவது வேறு சொல் உண்டா?